புதுப்பள்ளி வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எம்.எல்.ஏ.வை நேரில் பார்த்த கதை பலரிடமும் இருக்கும், நான் கேரள முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டியைப் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் கம்பம். கோட்டயத்தில் ஒரு காய்கறி மொத்தக் கடையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினேன். 2012இல், அவர் முதலமைச்சராக இருந்த சமயம், எங்கள் கடையில் சுமை இறக்கும் சேட்டன் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப் போய் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். உதவிப் பணத்துக்குக் கொடுத்த மனு எங்கோ ஒரு மேசையில் தேங்கிவிட்டது. கடை முதலாளிதான், கோட்டயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய சொந்த ஊரைச் சொல்லி, "ஞாயிற்றுக்கிழமை புதுப்பள்ளிக்குக் கூட்டிட்டுப் போ, குஞ்ஞூஞ்ஞு வீட்டில் இருப்பார்" என்றார். அங்கே வயதானவர்கள் அவரை அப்படித்தான் சொல்வார்கள்.

முற்றம் முழுக்க ஆட்கள். டோக்கன் இல்லை, வரிசையும் இல்லை. தேவாலயத்தில் குர்பானா, அதாவது ஞாயிறு பூசை, முடிந்து வந்தவர் கசங்கிய கதர்ச் சட்டையும் சீவாத தலையுமாக அந்த நெரிசலுக்குள்ளேயே நின்றுகொண்டார், நாலு பக்கமிருந்தும் காகிதம் நீட்டுகிறார்கள், ஒன்றை வாசித்துக்கொண்டே இன்னொருவர் சொல்வதற்குக் காதைக் கொடுக்கிறார். சேட்டனுக்குக் குரலே எழும்பவில்லை. அவர் குனிந்து, காதைச் சேட்டனின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சேட்டனுக்கு ஓட்டு இடுக்கி மாவட்டத்தில், எனக்குத் தமிழ்நாட்டில். அதை யாரும் கேட்கவே இல்லை. பணம் வந்தது.

1970இல் 27 வயதுக்குள் அதே புதுப்பள்ளியில் ஜெயித்தவர், 2021 வரை தொடர்ந்து பன்னிரண்டு தேர்தல், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கடைசித் தேர்தலில் வித்தியாசம் 9,044 ஓட்டாகக் குறைந்துபோனதும் உண்மை.

மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் நேரில் மனு வாங்க அவர் நடத்திய ஜனசம்பர்க்க நிகழ்ச்சிக்கு 2013இல் ஐ.நா. விருது கிடைத்தது. கிராம அலுவலகத்தில் முடிய வேண்டிய வேலைக்கு முதலமைச்சரே வந்து நிற்க வேண்டுமா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டார்கள், அந்தக் கேள்வி நியாயமானதுதான், அன்றைக்கு முற்றத்தில் நின்றபோது எனக்கும் அது தோன்றியது. ஆனால் அந்த மேசை சரியாகும்வரை சேட்டனின் உடம்பு காத்திருக்காதே! அதனால் அவர் செய்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

2023 ஜூலை 18ஆம் தேதி பெங்களூரில் இறந்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் உடலோடு திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய பஸ், எம்.சி. ரோட்டில் சுமார் 150 கிலோமீட்டர் வந்து கோட்டயம் சேர ஒரு நாளுக்கும் மேலே ஆனது, வழி நெடுக அவ்வளவு கூட்டம். அரசு மரியாதை வேண்டாம் என்பது அவருடைய விருப்பம், வீட்டாரும் அப்படியே செய்தார்கள். சங்ஙனாசேரியில் நானும் சேட்டனின் மனைவியும் ராத்திரி முழுக்கக் காத்திருந்தோம். பஸ் கடந்து போன பிறகும் வீட்டுக்குத் திரும்பத் தோன்றாமல், அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தோம்.