650 லிட்டர் தொட்டிக்குக் கேனிஸ்டர் போதுமா, சம்ப் வேண்டுமா?

கேள்வி:
180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் ஒரு மீன் தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். விளிம்புவரை நிரப்பினால் 648 லிட்டர். நான்கு ஆஸ்கார் மீன்களை அதற்கு மாற்ற வேண்டும். வாங்கும்போது விரல் நீளம்தான் இருந்தன. இப்போது என் உள்ளங்கையைவிடப் பெரியவை. தீனி போட்ட மறுநாளே தண்ணீர் கலங்கிவிடுகிறது. மணிக்கு 2000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) ஒன்று போதுமா? சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) என்றால், தண்ணீர் கீழே இறங்கக் கண்ணாடியில் துளை போட வேண்டும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

பதில் 1:
ஒன்று போதாது. பெட்டியில் இருக்கும் எண், உள்ளே பஞ்சும் பீங்கான் வளையங்களும் இல்லாமல் கணக்கிட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அழுக்குச் சேரச் சேர ஓட்டம் இன்னும் குறையும். கேனிஸ்டர்தான் என்றால் இரண்டு வையுங்கள். ஒன்றைக் கழுவும் வாரத்தில் மற்றதைத் தொடாதீர்கள்.

பதில் 2:
இதே அளவுத் தொட்டியை ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். தயங்காமல் சம்ப் வையுங்கள். ஆஸ்கார் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். சம்பின் முதல் அறையில் இருக்கும் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை கையால் எடுத்து அலசிவிடலாம். கேனிஸ்டரில் அந்தக் கழிவு மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து அழுகும்.

ஆனால் பம்பு ஓடும்போது என்ன நடக்கும் என்று மட்டும் யோசிக்காதீர்கள். நின்றால் என்ன நடக்கும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. ஆழம் என்றால் 10.8 லிட்டர். தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் 10 செ.மீ. மூழ்கியிருந்தால், மின்சாரம் நின்றதும் அதே குழாய் வழியாக 108 லிட்டர் கீழே இறங்கிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. விடியற்காலையில் எழுந்து காலை வைத்தால் தரைவிரிப்பு முழுக்க ஈரம். சம்ப் தளும்பி வழிந்துகொண்டிருந்தது. அன்றே குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே உயர்த்தினேன். தண்ணீர் கீழே இழுபடுவது நிற்க, காற்றுப் புகுவதற்கு அந்தக் குழாயில் சிறு துளையும் போட்டேன், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. ஒரு நத்தை போதும் அதை அடைக்க. பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, சம்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். அது விளிம்புக்குக் கீழேயே நின்றால், பம்பு ஓடும்போது இருந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருநாளும் நிரப்பக் கூடாது.

தண்ணீர் சம்புக்கு இறங்கக் கண்ணாடியில் போடும் துளையை இரண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒன்றை இலையோ செத்த மீனோ அடைத்தால் மற்றது காப்பாற்றும். மணிக்கு நான்கைந்து முறை தண்ணீர் சுற்றினால் போதும், அதாவது 3000 லிட்டர் அளவில். சம்பிலிருந்து தொட்டியின் மேல்விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து, அந்த உயரத்தில் பம்பு எவ்வளவு தரும் என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நெஞ்சார்ந்த நன்றி ஐயா. துளை இரண்டு என்று இன்றே சொல்லிவிட்டேன். பழைய தொட்டியின் பஞ்சையும் வளையங்களையும் என்ன செய்வது?

பதில் 2:
அதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய சொத்து. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதிதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசி, காயவிடாமல் சம்பில் போடுங்கள். மீன்களை விட்ட பிறகு இரண்டு வாரம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள், தினமும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். நைட்ரேட்டை மட்டும் இந்தச் சம்பும் எடுக்காது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.