கேட்டுப் பார்க்காமல் குளோஸ்ட்-பேக் ஹெட்போன் வாங்கலாமா?

ஏ9_குரல் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி நகருக்குள் ஒரு சின்ன அறையில் குறும்படங்களுக்குக் குரல் பதிவும் எடிட்டிங்கும் செய்கிறேன். முன்னால் கண்டி வீதி, இரவு பகலாக லொறியும் பஸ்ஸும். இவ்வளவு காலமும் ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ்தான் பாவித்தேன். இனி நல்லதாக ஒன்று வாங்க வேண்டும். பின்பக்கம் மூடிய குளோஸ்ட்-பேக்தான் வேண்டும், பின்பக்கம் திறந்த ஹெட்போன் எனக்குச் சரிவராது. குரல் கொடுப்பவர் காதில் கேட்கிற சத்தம் வெளியே வந்து மைக்கில் ஏறிவிடும்.

ஆயிரம் டொலர் அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன், நம்மூர்க் காசில் மூன்று லட்சம். மனதில் இருப்பவை நான்கு: டான் கிளார்க் ஓடியோவின் ஏயான் 2, டெனன் டி7200, பேயர்டைனமிக் டிடி 1770 ப்ரோ, சென்ஹைசர் எச்டி 620எஸ். மச்சான் ஒருவர் ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வருகிறார், வாங்கிக்கொண்டு வருவார். வன்னிக்குள் இவற்றில் ஒன்றைக்கூடக் காதில் மாட்டிப் பார்க்க நான் இடம் காணவில்லை. மினக்கெட்டுக் கொழும்பு போய் அலைவதா, கீழ்ச்சத்தமும் மேல்சத்தமும் எவ்வளவு வருகிறது என்று அளந்து இணையத்தில் போட்டிருக்கிற கிராஃபைப் பார்த்து வாங்கிவிடுவதா?

வளைகோடு (வவுனியா)

கொழும்புக்குப் போகாதீர்கள் தம்பி. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் போய் இறங்கி, ஏசியும் சனமும் இரைகிற கடையில், களைத்த காதோடு பத்து நிமிடம் கேட்டு என்ன தெரியப் போகிறது? அதுவும் பெட்டியைத் திறக்க விட்டால்தானே. காசைக் கட்டினால் திறக்கிறோம் என்று எனக்கு ஒரு கடையில் சொன்னார்கள்.

கிராஃப் யாருடைய ரசனையும் இல்லை. மனிதக் காதைப் போலச் செய்த கருவியில் மாட்டி அளந்தது. ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் அவரோடு வேலை செய்தவர்களும் பலரை உட்கார வைத்து, எது எந்த ஹெட்போன் என்று தெரியாமல் கேட்க வைத்து, எந்த ஒலிச் சமநிலை பெரும்பாலானோருக்குப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஒரே வளைகோடுதான் பிடித்தது. நீங்கள் வாங்கப்போவது அதற்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பாருங்கள். மிச்சத்தை ஈக்யூவில், அதாவது கீழ்ச்சத்தம் மேல்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மென்பொருளில், திருத்துங்கள். வேலை முடிந்தது.

செவ்வரத்தை (முல்லைத்தீவு)

எப்படி அண்ணை முடியும்? மிச்ச மூன்றில் ஒரு பங்குப் பேர் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்களேன். ஒரு பகுதியினர் பாஸ் இன்னும் வேண்டும் என்றார்கள், இன்னொரு பகுதியினர் குறைக்கச் சொன்னார்கள். தம்பி இதில் எந்தப் பக்கம் என்று கிராஃப் சொல்லாது.

அதைவிட, குளோஸ்ட்-பேக்கில் பாஸின் பாதி போடுகிறவரின் தலையில் இருக்கிறது. காதுப் பஞ்சு தோலோடு ஒட்டி அடைத்தால்தான் கீழ்ச்சத்தம் நிற்கும். சின்ன இடைவெளி ஒன்று போதும், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளது வழிந்து போய்விடும். நான் கண்ணாடி போடுகிறவள். கண்ணாடிக் கால் பஞ்சுக்கு அடியில் நுழைகிற இடத்தில் எப்போதும் ஒரு ஒழுக்கு. தாடை ஒடுங்கியவர்களுக்குக் காதுக்குக் கீழே இதே பிரச்சினை. தாடியும் தலைமுடியும்கூடக் கணக்கு. அளக்கிற பொம்மை கண்ணாடி போடுவதில்லை, வைகாசி வெயிலில் வியர்ப்பதும் இல்லை.

இன்னொன்று. ஏழெட்டுக் கிலோஹேர்ட்ஸுக்கு மேலே போனால், ஹெட்போனைக் காதில் கொஞ்சம் நகர்த்தினாலே கிராஃபில் மேடும் பள்ளமும் இடம் மாறும். அந்தப் பகுதியில் உங்கள் வளைகோட்டை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும்.

வயல்வெளி

மூன்று லட்சத்தைக் காதில் மாட்டுவதா? அந்தக் காசுக்கு அறைச் சுவருக்குப் பஞ்சு அடித்து, கதவை இறுக்கி, நல்ல மைக் ஒன்றும் வாங்கலாம். கேட்கிறவர்கள் எல்லோரும் போனில்தான் கேட்கிறார்கள்.

ஏ9_குரல்

அண்ணை, மைக்கும் அறையும் ஏற்கெனவே ஓரளவு சரி. போனில் கேட்கிறவருக்கும் பின்னால் மின்விசிறி இரைவது கேட்கும். பதிவு நேரத்தில் அது எனக்குக் கேட்காமல் போவதுதான் இப்போது பிரச்சினை.

வளைகோடு

அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. குளோஸ்ட்-பேக் என்றவுடன் வெளிச்சத்தம் முழுவதும் அடைபடும் என்று நினைக்க வேண்டாம். மேல்சத்தம் நன்றாகக் குறையும். ஹோர்ன், பறவை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் ஒதுங்கும். லொறி எஞ்சினின் உறுமல், ஜெனரேட்டர், மின்விசிறியின் அடிச்சத்தம் எல்லாம் உள்ளே வரும். என்ன விலை கொடுத்தாலும் இதற்கு மாற்றில்லை. சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கிற வகை வேறு, அதைப் பதிவு வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

செவ்வரத்தைக்கு: ஒழுக்கு இருக்கும், மறுக்கவில்லை. காதால் மட்டும் கேட்டு வாங்கியவர்கள் என்ன கண்டார்கள்? சென்ஹைசர் எச்டி 820 வந்தது 2018இல். வெளிப்பக்கம் கண்ணாடி, வந்தபோது விலை 2,400 டொலர். பார்க்க வடிவு. அளந்தால் 300 ஹேர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம், ஆண் குரலின் உடம்பு இருக்கிற இடத்தில். கடையில் சிம்பனி கேட்டுவிட்டு ஆகா என்று வாங்கியவர் வீட்டில் குரலை எடிட் செய்யும்போது என்ன செய்வார்?

செவ்வரத்தை

குரல் வேலைக்கு அதை யாரும் கேட்கவில்லையே. எச்டி 820ஐ அதன் அகன்ற ஒலிவெளிக்காக விரும்பி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கிராஃப் இல்லாமலே தங்களுக்கு எது வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்டுப் பார்ப்பதை நீங்கள் பத்து நிமிட விளையாட்டாக எழுதுவதால் நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். கோயில் வாத்தியமும் பாடசாலைக் குழுப்பாடல்களும் பதிவது என் வேலை.

முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஹெட்போனின் உணர்திறனும் வேறு. வால்யூமை ஒரே இடத்தில் வைத்து மாற்றிக் கேட்டால், சத்தம் கூடியதுதான் தெளிவானது என்று மனம் சொல்லும். ஒரு டெசிபல் போதும் ஏமாற. அதனால் பாட்டை விட்டுவிட்டு ஒருவர் பேசுகிற பதிவைப் போடுங்கள். இரண்டிலும் அந்த ஆள் ஒரே தூரத்தில் இருந்து கதைப்பதுபோல வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். பிறகுதான் ஒப்பீடு.

அப்புறம் அடைப்பு. கண்ணாடியோடு போடுங்கள். தலையைக் குனியுங்கள், திருப்புங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். பாஸ் ஏறி இறங்கினால் அந்த ஹெட்போன் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை.

அடுத்தது தவில். என்னிடம் வற்றாப்பளையில் நானே பதிந்தது இருக்கிறது. கடையில் கேட்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. தொப்பிப் பக்கத்தில் தடி விழுகிற அடி எழும்பி உடனே நிற்க வேண்டும். ஹெட்போன் கிண்ணம் சரியில்லை என்றால், பின்பக்கம் போன அலை சுவரில் பட்டுத் திரும்பி வந்து, அடி நின்ற பிறகும் குமுகுமுவென்று இழுக்கும். அந்த இழுவைக்குள் வலந்தலையின் விரலடிகள் புதைந்து போகும். மூடிய கிண்ணத்தின் பெரிய நோய் இதுதான். நல்ல கம்பனிகள் காசு வாங்குவதும் பெரும்பாலும் இதை அடக்குவதற்குத்தான். நாதஸ்வரம் ஓங்குகிற இடத்தில் காதைச் சுளிக்க வைத்தால் 2 தொடக்கம் 4 கிலோஹேர்ட்ஸுக்குள் ஏதோ தூக்கலாக இருக்கிறது.

கடைசியாக, முக்கால் மணி நேரம் கழற்றாமல் இருங்கள். உச்சந்தலையில் வலி வருவது அரை மணி நேரத்துக்குப் பிறகுதான்.

வளைகோடு

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. அதனால்தான் கேட்கிறேன், முக்கால் மணி நேரம் தவில் போட்டுக்கொண்டு உட்கார எந்தக் கடை விடும்? ஒரு டெசிபலுக்கு ஏமாறுகிற காதை நம்பி மூன்று லட்சமா? மரக் கிண்ணத்தைக் கண்டவுடன் ஒலியும் இதமாக இருப்பதுபோலத் தோன்றும். டெனன் டி7200 அமெரிக்க வால்நட் மரம் என்று பெட்டியைப் பார்க்க முன்னரே எல்லோருக்கும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டுக் கேளுங்கள், பார்ப்போம்.

ரொறன்ரோ_வன்னியான்

நான் மாங்குளம், இப்போது ரொறன்ரோ. இங்கே சில கடைகளில் நேரம் பதிந்துவிட்டுப் போனால் தனி அறையில் இருந்து கேட்க விடுவார்கள். தம்பியின் மச்சானால் முடியும். அவர் காது தம்பியின் காது இல்லை என்று அக்கா சொல்லப் போகிறார், தெரியும். ஆனால் ஒரு வழி இருக்கிறது. எம்50எக்ஸ் பெரும்பாலான கடைகளில் இருக்கும். மச்சானை முதலில் அதைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு தம்பி அனுப்புகிற அதே குரல் பதிவை மற்றதில் கேட்டு, எம்50எக்ஸை விட ‘ஸ’ கூடக் குத்துகிறதா, அடிக்குரல் கூடவா குறைவா என்று மட்டும் சொல்லட்டும். நல்லது கெட்டது என்று தீர்ப்பு வேண்டாம்.

வாங்குகிற திகதியும் முக்கியம். திருவிழாவுக்கு முந்தின கிழமை வாங்கினால் திருப்பிக் கொடுக்கிற காலம் விமானத்திலேயே போய்விடும். ஜூன் கடைசியில் வாங்கி, மச்சான் தானே பாவித்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் சத்தம் குறைகிறதா, வயர் தட்டினால் கரகரக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு கட்டியது. கிளிநொச்சியில் பழுதானால் மறுபடி யாராவது பறக்க வேண்டும்.

வளைகோடு

இது நல்ல யோசனை. கிராஃபையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தம்பி, தனியாக ஒரு வளைகோட்டைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒரே ஆள், ஒரே கருவியில் அளந்த எம்50எக்ஸின் கோட்டையும் புதியதன் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். எம்50எக்ஸ் எப்படிக் கேட்கும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படியுங்கள்.

அப்படிப் படித்தால் டிடி 1770 எட்டுக் கிலோஹேர்ட்ஸ் பக்கம் தூக்கலாகத் தெரியும். குரல் எடிட் செய்கிறவருக்கு அது ஆபத்து. ‘ஸ’ குத்துகிறது என்று நினைத்து வெட்டுவீர்கள், மற்றவர்கள் கேட்கும்போது பேசியவர் வாயில் துணி வைத்ததுபோல இருக்கும்.

செவ்வரத்தை

எட்டுக் கிலோஹேர்ட்ஸில் கிராஃப் ஆடும் என்று மேலேயே எழுதினேன். ஆனால் பேயரின் இந்த வகை ஹெட்போன்களில் மேல்சத்தம் கூர்மை என்று கேட்டவர்களும் சொல்கிறார்கள், அதனால் இதை விடுகிறேன்.

1770க்கு ஒரு நன்மை உண்டு. பெட்டியில் இரண்டு சோடிப் பஞ்சு வருகிறது, ஒன்று செயற்கைத் தோல், மற்றது வெல்வெட் போன்றது. சித்திரை வைகாசி வெக்கையில் தோல் பஞ்சு காதைப் புழுங்க வைக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். துணிப் பஞ்சில் காற்றுப் போகும். காற்றுப் போகிற இடத்தால் கொஞ்சம் பாஸும் போகும், சத்தமும் கசியும். குரல் பதியும்போது தோல், தனியே எடிட் செய்யும்போது துணி என்று மாற்றிக்கொள்ளலாம்.

வளைகோடு

பஞ்சை மாற்றினால் ஒலியும் மாறும். ஒரே வேலைக்கு இரண்டு ஹெட்போன் வைத்திருப்பது மாதிரித்தான்.

ஏ9_குரல்

மைக்கையும் ஹெட்போனையும் கம்பியூட்டரோடு இணைக்கிற என் இன்டர்ஃபேஸ் சின்னது, இரண்டு மைக் போடுகிற வகை. ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டித் தர தனி அம்ப் இல்லை. அதனால் ஏதாவது வருமா?

வளைகோடு

வரும். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஏயான் 2இன் மின்தடை பதின்மூன்று ஓம்ஸ், தட்டையான மெல்லிய தாள் அதிர்ந்து ஒலி தருகிற பிளேனர் வகை, உணர்திறன் குறைவு. நிறைய மின்னோட்டம் கேட்கும். சின்ன இன்டர்ஃபேஸில் ஒலிச் சமநிலை மாறாது, பிளேனருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் சத்தம் காணாது. அம்ப் வாங்க வேண்டும், கரண்ட் போனால் அதையும் இன்வேர்ட்டரில் ஓட்ட வேண்டும். டெனன் 25 ஓம்ஸ். இன்டர்ஃபேஸின் வெளியீட்டு மின்தடை ஹெட்போனில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பார்கள், அப்படியென்றால் மூன்று ஓம்ஸ் அளவு. சின்ன இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் அதைவிடக் கூட. பாஸ் கட்டுப்பாடு தளரலாம். 1770 என்றால் 250 ஓம்ஸ், 620எஸ் 150. இவற்றுக்கு வேண்டியது வோல்டேஜ். பேச்சுக் குரல் கேட்கிற அளவுக்குச் சமாளிக்கும்.

ரொறன்ரோ_வன்னியான்

620எஸ் மற்ற மூன்றையும்விட மலிவு. 2024இல் வந்தபோது 350 டொலர் அளவு.

செவ்வரத்தை

மலிவென்பதால் கேட்காமல் வாங்கலாம் என்று இல்லை. ஆனால் மனம் ஒத்துவராவிட்டால் விற்று நட்டப்படுவது குறைவு. அந்த வகையில் தம்பிக்கு அது சரி.

ஏ9_குரல்

ஏயானும் டெனனும் இப்போதைக்கு வேண்டாம். மச்சானுக்கு என் குரல் பதிவு ஒன்றும் அக்காவின் தவில் பதிவும் அனுப்பப் போகிறேன், எம்50எக்ஸோடு வைத்து 1770ஐயும் 620எஸ்ஸையும் கேட்டுச் சொல்வார். அவரும் கண்ணாடி போடுகிறவர். அக்கா, அந்தத் தவிலை அனுப்ப முடியுமா?

செவ்வரத்தை

இன்று இரவு அனுப்புகிறேன். எம்பி3 ஆக்காமல் வேவ் ஆகவே மச்சானுக்குப் போகட்டும். எது வாங்கினாலும் மேலதிகமாக ஒரு சோடிப் பஞ்சு சேர்த்து வாங்கச் சொல்லுங்கள், இங்கே தேடினால் கிடைக்காது.

வளைகோடு

அசல் பஞ்சு. இணையத்தில் பாதி விலைக்கு வருகிற மாற்றுப் பஞ்சைப் போட்டால், அக்காவின் தவிலும் வீண், என் கிராஃபும் வீண்.