எக்கோ நார்மல் என்று நிம்மதியாக இருந்தோம்

குடியாத்தத்திலிருந்து ஓர் அக்கா:

தம்பிக்குத் தலசீமியா மேஜர், உடம்பில் போதுமான நல்ல இரத்தம் ஊறாத பிறவி நோய். வயது 19. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலூர் பஸ் ஏறிப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவோம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை வேலூர் சி.எம்.சி.யில் 1986லேயே தலசீமியாவுக்குச் செய்திருக்கிறார்கள். என் மஜ்ஜை அவனுக்குப் பொருந்தவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

முந்தின வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரி படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டான். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா" என்றான். இரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும், அது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு ஏற்றி நாலு நாள்கூட ஆகவில்லை. அதுதான் உறுத்தியது.

இதயத்துக்கு எடுக்கும் எக்கோ ஸ்கேன் நார்மல். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனையில் 1800, அவனுக்கு எப்போதும் அந்தப் பக்கம்தான். சரி என்று விட்டிருப்போம். டாக்டர்தான் விடாமல் டி2 ஸ்டார் எம்ஆர்ஐ எடுக்க வைத்தார். இதயத் தசையில் இரும்பு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அதிகம். தம்பிக்கு 8.

ஒரு யூனிட் இரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியே தள்ள உடம்புக்குத் தானாக வழி கிடையாது, மருந்துதான் அதை வெளியேற்ற வேண்டும். பிளஸ் டூ வருஷம் வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதி நாள் மாத்திரையை விட்டிருக்கிறான். அம்மா அழுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இராத்திரியில் வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தைப் பம்ப் வைத்து ஏற்றுகிறோம், பத்து மணி நேரம். பகலில் அதே வேலைக்கு டெஃபெரிப்ரோன் மாத்திரை. ஒரு வருஷத்தில் 8 என்பது 12 ஆகியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் இந்த ஸ்கேன் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

ஆரணியிலிருந்து ஓர் அப்பா:

தங்கச்சி, அந்த டெஃபெரிப்ரோனை என் மகளும் சாப்பிட்டாள். போன மார்கழியில் காய்ச்சல், தொண்டை வலி. பனி சேரவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பார்த்தால், அந்த மாத்திரையால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அந்த மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு இரத்தக் கவுண்ட் பார்க்க ஓடுங்கள். ஞாயிறு, இராத்திரி என்று பார்க்காதீர்கள்.

அக்கா:

சரிங்க அண்ணா. வாராவாரம் கவுண்ட் பார்க்கிறோம், இந்தப் புதன்கிழமையும் நல்லபடியாக இருந்தது. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?