பிள்ளையோட ரத்தம் தாய்க்குள்ள கசிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

நெல்லைமகள்
முதல்லயே சொல்லிடறேன், நான் நெகட்டிவ் குரூப் இல்ல, பி பாசிட்டிவ். அடிபடல, விழல, ஒரு சொட்டு ரத்தம்கூட வெளிய வரல.

37 வாரம். பிள்ளை அசைவு குறைஞ்சிருந்துச்சு. "கடைசி மாசம் இடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்"னாங்க அத்தை. மனசு கேக்காம போயிட்டோம். பிள்ளை இதயத்துடிப்பைக் கோடா வரையற சிடிஜி மெஷின் மாட்டினாங்க. பக்கத்து பெட் அக்காவுக்கு கோடு கிறுக்கலா ஏறி இறங்குது. என்னுது மட்டும் சிக்குக்கோலம் போட்ட மாதிரி ஒரே சீரா வளைஞ்சு வளைஞ்சு வருது. வீட்டுக்காரர் "எவ்ளோ அழகா வருது பாரு"ன்னு போன்ல போட்டோ எடுத்தார். டூட்டி டாக்டரம்மா வந்தாங்க, பாத்தாங்க, பேப்பரைக் கிழிச்சுக் கையில எடுத்துக்கிட்டு ஓடினாங்க. நடக்கல, ஓடினாங்க.

சிசேரியன். பிள்ளை வெளுத்துப்போய் வந்தான். உதடுகூட வெள்ளை. ஹீமோகுளோபின் 4 சொச்சம். உடனே ஓ நெகட்டிவ் ரத்தம் ஏத்தினாங்க. அவன் ரத்தத்துல பாதிக்கு மேல எனக்குள்ள வந்திருக்கும்னு அப்புறம்தான் சொன்னாங்க. இப்ப யூகேஜி போறான், ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த போட்டோ இன்னும் போன்ல கிடக்கு. ஏன் கசிஞ்சதுன்னு உங்கள்ல யாருக்காவது காரணம் சொன்னாங்களா? எங்களுக்குச் சொல்லல.

மதுரை_மீனு
தோழி, நானும் நெகட்டிவ்தான், உங்க வலி புரியுது. எனக்கு முதல்ல கரு கலைஞ்சப்ப ஊசி போடல. அடுத்த பையனுக்குப் பிறந்த அன்னைக்கே மஞ்சள் காமாலை, லைட்ல வச்சும் இறங்காம ரத்தத்தையே மாத்தினாங்க.

அதனால சொல்றேன். நெகட்டிவ் தாய்க்கு 28 வாரத்துல ஆன்டி-டி ஊசி (பிள்ளையோட ரத்தத்தைத் தாயோட உடம்பு எதிர்க்காம இருக்கப் போடறது) கண்டிப்பா போடணும். பிள்ளை பாசிட்டிவா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. கரு கலைஞ்சாலும் போடணும், வயித்துல அடிபட்டாலும் போடணும். விலை ஜாஸ்தின்னு தள்ளிப்போடாதீங்க. அடுத்த பிள்ளை உண்டானா முதல் செக்கப்லயே ஐசிடி (தாய் ரத்தத்துல அந்த எதிர்ப்பு உண்டாகியிருக்கான்னு பாக்கற டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்க. காலைல மாதுளை, சாயங்காலம் பேரீச்சை, முருங்கைக்கீரை வாரம் மூணு நாள். பீட்ரூட் ஜூஸ் குடிச்சிருந்தா பிள்ளைக்கு ரத்தம் இவ்ளோ குறைஞ்சிருக்காதுன்னு எனக்குத் தோணுது. எங்க அக்கா பொண்ணுக்கு ஒரே மாசத்துல ரெண்டு பாயிண்ட் ஏறுச்சு.

ரத்தவங்கி_அண்ணன்
மீனு அக்கா, அவங்க எழுதின முதல் வரியே "நான் நெகட்டிவ் இல்ல". ஆன்டி-டி கசிவை நிறுத்தாது. கசிஞ்சு வந்த பிள்ளையோட ரத்த சிவப்பணுவைத் தாயோட உடம்பு அடையாளம் கண்டு எதிர்ப்பு உண்டாக்கறதுக்கு முன்னாடி துடைச்சு எடுக்கும், அவ்ளோதான். அதுவும் ஒரு கணக்குக்குத்தான்: 300 மைக்ரோகிராம் ஊசி சுமாரா 30 மில்லி பிள்ளை ரத்தத்துக்குக் காணும். பீட்ரூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வழிஞ்சு போற ரத்தத்தை ஜூஸ் எப்படிப் பிடிச்சு வைக்கும்?

நெல்லை தங்கச்சி, நிறைய பேருக்குக் காரணம் தெரியறதே இல்ல. 3 கிலோ பிள்ளைக்கு மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். அதான் பெரியவங்களுக்குப் பெருசாத் தெரியாத கசிவு அதுக்கு உயிர் போற சமாச்சாரம்.

என்னுது லேப் பக்கத்துக் கதை. ராத்திரி டூட்டி. ஆட்டோ கவிழ்ந்த கர்ப்பிணிப் பொண்ணு சாம்பிள், நெகட்டிவ் குரூப். தாய் ரத்தத்துல பிள்ளை அணு எவ்ளோ கலந்திருக்குன்னு பாக்கற கிளைஹவர் டெஸ்ட்ல ஸ்லைடை அமிலத்துல நனைப்போம். தாயோட அணுவெல்லாம் சாயம் போய் வெறும் ஓடா நிக்கும், பிள்ளையோட ஹீமோகுளோபின் அமிலத்துக்கு அசையாததால அது மட்டும் ரோஸா தெரியும். வழக்கமா தேடிக் கண்டுபிடிக்கணும். அன்னைக்கு எங்க நகர்த்தினாலும் ரோஸ். ஒரு ஊசி பத்தாது, கூட வேணும்னு வார்டுக்கு போன் போட்டா, "அதான் ஒண்ணு போட்டாச்சே"ன்னு பதில். நேரா நானே ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினேன்.

விலை பத்திச் சொன்னீங்க. அது மனுஷங்க தானம் கொடுத்த பிளாஸ்மால இருந்து எடுக்கறது. ஆஸ்திரேலியால ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர் 1,173 தடவை கொடுத்தார், 2025ல தான் இறந்தார்.

மதுரை_மீனு
தம்பி, நல்லதுக்குத்தான் சொன்னேன். மாதுளை சாப்பிட்டு யாரும் கெட்டுப்போனதில்ல.

கோவை_அப்பா
சண்டை வேண்டாங்க. எங்களுது பழைய ஆர்எச் கேஸ், அதாவது நெகட்டிவ் தாயோட உடம்பு பாசிட்டிவ் பிள்ளை ரத்தத்தை எதிர்க்கறது. வீட்ல ஏ நெகட்டிவ், ஐசிடி பாசிட்டிவ். தலைக்குள்ள போற ரத்தக்குழாய்ல ஓட்டம் வேகமா இருக்கு, பிள்ளைக்கு ரத்தசோகைன்னு டாப்ளர் ஸ்கேன்ல கண்டுபிடிச்சாங்க. வயித்து வழியா ஊசி விட்டு தொப்புள்கொடி ரத்தக்குழாய்லயே ஓ நெகட்டிவ் ரத்தம் ஏத்தினாங்க. அசையாம இருக்கப் பிள்ளைக்குத் தனியா மருந்து. திரைல ரத்தம் போறது வெள்ளைப் பொறியாத் தெரிஞ்சுது. 1963ல நியூசிலாந்து ஆக்லாந்துல லைலின்னு ஒரு டாக்டர் கருவுல இருக்கற பிள்ளைக்கு முதன்முதலா ரத்தம் ஏத்தினப்ப ஸ்கேனே கிடையாதாம், எக்ஸ்ரே பாத்துப் பிள்ளையோட வயித்துக்குள்ள குத்தி ஏத்தியிருக்கார்.

அதெல்லாம் பயமாத்தான் இருந்துச்சு, ஆனா உறுத்தறது வேற. பிறந்ததும் குரூப் ரிப்போர்ட் வந்துச்சு: ஓ நெகட்டிவ். நான் ஏபி பாசிட்டிவ். ஏபி அப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காதுன்னு மச்சானுக்குத் தெரியும், சயின்ஸ் வாத்தியார். ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சுட்டு என்னைப் பாக்காம ஜன்னலைப் பாத்தார். சம்சாரம் மயக்கம் தெளியாம கிடக்கா, அவளைப் பத்தி அந்த வராண்டாவுல ஒரு நிமிஷம் எல்லாரும் என்ன நினைச்சாங்களோ! சிஸ்டர் வந்து "உள்ள ஓடறது பூரா ஏத்தின ரத்தங்க, கொடுத்தவங்க குரூப்தான் காட்டும்"னு சொன்ன பிறகுதான் மாமியார் உட்கார்ந்தாங்க. மச்சான் இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி வாயே திறக்கல.

நெல்லைமகள்
அய்யோ அண்ணா! அப்போ ஸ்கூல் ஐடி கார்டுல என்ன குரூப் போட்டீங்க? என் பையனுக்கும் பிறந்ததும் எடுத்த ரிப்போர்ட்தான் கையில இருக்கு.

கோவை_அப்பா
அதை நம்பாதீங்க, திரும்ப எடுங்க. ஏத்தின அணுக்கள் தீர நாலு மாசம் ஆகும். நாங்க ஒரு வயசுக்கு மேல எடுத்தோம். பி பாசிட்டிவ்.