மூணரை வயசுப் பையன், நாளுக்கு நாலரை மணி நேரம் போன். நிறுத்தறதா, குறைக்கறதா?

கொலுசு வீடு, சேலம் செவ்வாய்பேட்டை (ராத்திரி 10.50)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க வீட்லயே வெள்ளிக் கொலுசு பத்த வெக்கற (டார்ச் சூட்டுல ஒட்டற) வேலை. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேரும் உக்காந்தாதான் வாரக் கூலி கைக்கு வரும். முன்ரூம்ல கேஸ் டார்ச் எரியும், ஆசிட் டப்பா இருக்கும், பையன் அங்க வரவே கூடாது. 12 மணிக்கு ப்ளேஸ்கூல் விட்டு வந்தான்னா உள்ரூம்ல போனைக் குடுத்து உக்கார வெச்சிருவேன், சோறு ஊட்டவும் போன், ராத்திரி தூங்க வெக்கவும் போன். நேத்து உக்காந்து கூட்டிப் பாத்தேன், நாளுக்கு நாலரை மணி நேரம் வருது. அப்பறம் எனக்குத் தூக்கம் வரல.

போன வாரம் ஒரு கல்யாணத்துல ஒரு சொந்தக்காரம்மா பந்தில வெச்சு "போனைக் குடுத்தே புள்ளைய மந்தமாக்கிட்ட"ன்னு சொல்லிட்டாங்க. பையன் நல்லாத்தான் பேசறான், ஆனா போன் கைல இருந்தா நாலு தடவ கூப்டாலும் திரும்ப மாட்டேங்கறான், பிடுங்கினா தரைல தலைய முட்டறான். ப்ளேஸ்கூல்லயும் (எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க) தெனம் வாட்சப்ல ரெண்டு வீடியோ அனுப்பி, அவனைப் பாக்க வெச்சு போட்டோ எடுத்துப் போடச் சொல்றாங்க. ஒரேயடியா நிறுத்தினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. திட்டறதா இருந்தா வேணாம், அது பந்திலயே வாங்கியாச்சு.

ஏற்காட்டு மிளகு (11.15)

நிறுத்துங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிருச்சு, ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேணாம், ரெண்டுலருந்து நாலு வயசு வரைக்கும் மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம், அதுக்கும் கம்மியா இருந்தா நல்லதுன்னு. நம்ம நாட்டு குழந்தை டாக்டருங்க சங்கமும் ரெண்டு வயசு வரைக்கும் எப்பவாச்சும் சொந்தக்காரங்க கூட வீடியோ கால் தவிர ஒண்ணும் வேணாம், அஞ்சு வயசு வரைக்கும் ஒரு மணி நேரம்தான்னு சொல்லிருக்காங்க. நீங்க நாலரைங்கறீங்க. என் பொண்ணுக்கு நாலு வயசு, காப்பிச் செடிக்கு நடுவுல ஓடறா, சில்வர் ஓக் மரத்துல ஏத்தின மிளகுக் கொடிய எண்ணறா, போன் கேக்கறதே இல்ல. நாங்க பழக்கல, அவ கேக்கல.

அஸ்தம்பட்டி அப்பா (11.32)

எப்படி சார் கேப்பா, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா பாதி இடத்துல டவரே எடுக்காது, ஹாஹா.

சீரியஸா சொல்றேன், அந்த ஒரு மணி நேரத்தை எலி மருந்து அளவு மாதிரி ஆக்காதீங்க. அந்த 2019 வழிகாட்டிய முழுசாப் படிச்சீங்களா? அது போன் பத்தின வழிகாட்டியே இல்ல. அஞ்சு வயசுக்குள்ள குழந்தைங்க எவ்வளவு ஓடணும், எவ்வளவு நேரம் உக்காந்து கிடக்கலாம், எவ்வளவு தூங்கணும்ங்கறதப் பத்தினது. மூணு நாலு வயசுக்கு நாளைக்கு 3 மணி நேரம் உடம்பு அசையணும், 10-லருந்து 13 மணி நேரம் தூங்கணும்னும் அதுலயேதான் இருக்கு, ஆனா அதை யாரும் எடுத்துக்காட்ட மாட்டாங்க, திரைய மட்டும் பிடிச்சுக்குவாங்க. கைல இருக்கற ஆதாரத்தோட தரம் ரொம்பக் கம்மின்னு அவங்களே எழுதிருக்காங்க. நான் வீட்லருந்து ஐடி வேலை பாக்கறவன், மீட்டிங் நேரத்துல பாப்பா டேப்ல எழுத்து ஆப் போடும், அ-லருந்து ஔ வரைக்கும் அதுலதான் கத்துக்கிச்சு. சிங்கப்பூர்ல இருக்கற தாத்தாவ வாரம் மூணு தடவ வீடியோ கால்ல பாக்குது. இதெல்லாம் விஷமா? 1969-ல அமெரிக்காவுல செசமி ஸ்ட்ரீட்னு டிவி ப்ரோக்ராம் ஆரம்பிச்சதே பள்ளிக்கூடம் போற வயசு வராத ஏழைப் புள்ளைங்க எழுத்தும் எண்ணும் கத்துக்கட்டும்னுதான், அதுவும் ஆராய்ச்சிக்காரங்கள கூட வெச்சுக்கிட்டு. திரை தப்பு இல்ல, அதுல என்ன ஓடுதுங்கறதுதான் விஷயம்.

ஏற்காட்டு மிளகு (11.41)

என்ன ஓடுதுன்னு பாக்கத்தான் அந்தம்மாவுக்கு நேரம் இல்லைனு எழுதிருக்காங்களே, கை ரெண்டும் டார்ச்ல இருக்கு. ஆட்டோப்ளேல நாலாவது வீடியோவுக்கு மேல என்ன வரும்னு உங்களுக்கே தெரியாது. 2011-ல அமெரிக்காவுல ஒரு சோதனை, நாலு வயசுப் புள்ளைங்க 60 பேர், கொஞ்சம் பேர வேகமா ஓடற கார்ட்டூன் வெறும் 9 நிமிஷம் பாக்க விட்டாங்க, மத்தவங்கள மெதுவான ப்ரோக்ராம் பாக்கவும் படம் வரையவும் விட்டாங்க. முடிஞ்சதும் விளையாட்டு மாதிரி சின்னச் சின்ன பரீட்சை வெச்சா வேகக் கார்ட்டூன் பாத்த பசங்களால பொறுத்திருக்கவும் முடியல, சொன்னதைக் கவனிக்கவும் முடியல. 9 நிமிஷம் சார்.

அஸ்தம்பட்டி அப்பா (11.50)

முடிஞ்ச உடனே வெச்ச பரீட்சை அது. ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி இருந்தாங்க, மறுநாள் எப்படி இருந்தாங்கன்னு அதுல இல்ல. ராட்டினத்துலருந்து இறங்கின பையனை நேரா நடக்கச் சொல்லிட்டு நடக்க வரலைங்கற கதை.

பொன்னம்மாபேட்டை அம்மாயி (காலை 6.05)

ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

நான் தறி ஓட்டி மூணு புள்ள வளத்தவ. அப்ப போன் இல்ல, டிவி இல்ல. தவழற வரைக்கும் தறிக்குழி ஓரமா தூளி. தவழ ஆரம்பிச்சதும் பெரியவனை இடுப்புல பழைய சேலைத் துணியக் கட்டி தூணோட கட்டிப் போட்டுட்டுத்தான் நெய்வேன். அழுதா அழட்டும்னு விட்டிருக்கேன், நாடா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போற சத்தத்துல அழுகை பாதி கேக்கவும் கேக்காது. அந்தக் காலத்துல புள்ளைங்க நல்லா வளந்துச்சுன்னு யாராச்சும் பேசினா எனக்கு அந்தத் தூண்தான் ஞாபகம் வரும். கண்ணு, உன் வீட்ல தூணுக்குப் பதிலா போன், அவ்வளவுதான். உன்னை மந்தமாக்கினவன்னு சொன்ன அம்மா நாளைக்கு மத்தியானம் வந்து அவனைப் பாத்துக்குவாளா, அதைக் கேளு.

ஆனா ஒண்ணு, சோறு ஊட்டும்போது போன் வேணாம். என் பேரனுக்கு மருமக அப்படித்தான் ஊட்டினா. அஞ்சு வயசுல வாயில என்ன இருக்குன்னே தெரியாம முழுங்குவான், ரசம் சோறா தயிர் சோறான்னு கேட்டா முழிப்பான்.

கொலுசு வீடு (6.40)

அம்மாயி, காலங்காத்தால அழ வெச்சுட்டீங்க.

பேச்சுப் பயிற்சி (9.20)

நான் குழந்தைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கற வேலைல இருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. முதல்ல, இங்க அடுத்து யாராச்சும் "வர்ச்சுவல் ஆட்டிசம்"னு எழுதுவீங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன், அப்படி ஒரு நோய் எந்த மருத்துவப் பட்டியல்லயும் இல்ல, போன் பாத்ததால ஆட்டிசம் வந்துச்சுன்னு யாரும் நிரூபிச்சதும் இல்ல. அந்த வார்த்தைய வாட்சப்ல படிச்சுட்டு பயந்து ஓடி வர்றவங்களும் இருக்காங்க, அதை விட மோசம், போனை நிறுத்தினா சரியாயிரும்னு ஒரு வருஷம் காத்திருந்து லேட்டா வர்றவங்க. ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசல, பேர் சொல்லிக் கூப்டா எப்பவுமே திரும்பலன்னா (போன் கைல இருக்கும்போது மட்டும் இல்ல, எப்பவுமே) காதையும் பேச்சையும் செக் பண்ணிருங்க. 2013-ல வந்த ஆர்.பி.எஸ்.கேங்கற அரசாங்க குழந்தைங்க ஆரோக்கியத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு டி.இ.ஐ.சி மையம்னு (வளர்ச்சிக் குறைய சீக்கிரமே பாத்து பயிற்சி குடுக்கற இடம்) வெச்சிருக்காங்க, அங்க காசு கிடையாது, ஜி.ஹெச்ல விசாரிங்க. நல்லாப் பேசறான்னு நீங்களே சொல்றதால உங்க பையனுக்கு அந்தப் பயம் இப்ப வேணாம்.

இப்ப விஷயம். 2003-ல அமெரிக்காவுல ஒரு சோதனை செஞ்சாங்க. இங்கிலீஷ் பேசற வீட்டு 9 மாசக் குழந்தைங்களுக்கு சீன மொழி பேசறவங்க நேர்ல உக்காந்து 12 தடவ பொம்மை காட்டிக் கதை படிச்சாங்க, அந்தக் குழந்தைங்க சீன எழுத்தொலிய வித்தியாசம் கண்டுபிடிச்சுதுங்க. அதே ஆளு, அதே பொம்மை, அதே பேச்சு, ஆனா டிவில போட்டுக் காட்டின குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஏறல. குழந்தை வாயப் பாத்து, நீங்க பதில் சொல்ல, அது திரும்பச் சொல்ல, இந்த எடுப்பு கொடுப்புலதான் பேச்சு வளரும். அஸ்தம்பட்டி சார், உங்க பாப்பா வீடியோ கால்ல தாத்தாகிட்ட பேசறப்போ தாத்தா பதில் சொல்றாரு, அதனாலதான் அதுக்கு மட்டும் டாக்டருங்க விதிவிலக்கு குடுக்கறாங்க. எழுத்து ஆப் கதை வேற. அ, ஆ சொல்றது மூணு வயசுல பெரிய விஷயமே இல்ல. "ஏன் மழை பெய்யுது"ன்னு கேக்கறாளா, பக்கத்து வீட்டுக் கதைய வந்து உங்ககிட்ட சொல்றாளா?

கடைசியா ஒண்ணு, யாருமே பாக்காம டிவி சும்மா ஓடிக்கிட்டு இருந்தாக்கூட அந்த வீட்ல பெரியவங்க குழந்தைகிட்ட பேசற பேச்சு குறையும்னு ஆராய்ச்சில காட்டிருக்காங்க. இங்க யார் வீட்லயாச்சும் சாயங்காலம் டிவி ஓடாம இருக்கா?

அஸ்தம்பட்டி அப்பா (9.48)

கதை சொல்றாளான்னு கேட்டீங்க. நேத்து சாயங்காலம் ஏதோ சொல்ல வந்தா, நான் லேப்டாப்லருந்து தலையத் தூக்காம ம்ம் ம்ம்னு சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் நின்னுட்டு போயிட்டா. ஆனாலும் டேப்பைத் தூக்கிப் போடறேன்னு நான் சொல்லல, நல்லாக் கவனிங்க.

ஏற்காட்டு மிளகு (9.55)

இதைத்தானே நானும் ராத்திரிலருந்து சொல்றேன்.

சூரமங்கலம் நைட் ஷிப்ட் (10.10)

நீங்க சொன்னது வேற சார், நீங்க காப்பிச் செடி, மிளகுக் கொடின்னு பெருமை சொன்னீங்க. ஒரு கேள்வி, பொண்ணு சேலத்துக்கு அவ அம்மாயி வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுது?

ஏற்காட்டு மிளகு (10.31)

அங்க டிவி ஓடும். மாமியார் வீட்ல நான் போயி ரிமோட்டப் பிடுங்க முடியாது.

சூரமங்கலம் நைட் ஷிப்ட் (10.33)

அவ்வளவுதான் கேக்க வந்தேன், தூங்கப் போறேன்.

மாடரேட்டர் (10.40)

ஆள் மேல பேசாம விஷயத்தைப் பேசுங்க. மாமியார் பேச்சுக்குத் தனி இழை இருக்கு.

அம்மாபேட்டை சித்தி (11.25)

கொலுசு வீட்டு அக்கா, எங்க வீட்லயும் விசைத்தறி, உங்க நெலமை எனக்குத் தெரியும். நான் செஞ்சதச் சொல்றேன். ஆட்டோப்ளேய ஆப் பண்ணுங்க. நெட்டை ஆப் பண்ணிட்டு முன்னாடியே எறக்கி வெச்ச நாலு வீடியோ மட்டும் ஓடட்டும், முடிஞ்சா முடிஞ்சது. சண்டை பாதி குறையும், ஏன்னா நம்ம பிடுங்கல, அதுவாவே தீந்து போச்சுன்னு புள்ளைக்கே தெரியுது. கதை, பாட்டெல்லாம் பென் டிரைவ்ல ஏத்தி சின்ன ஸ்பீக்கர்ல போடுங்க, கண்ணுக்கு வேலை இல்ல, கேட்டுக்கிட்டே விளையாடும். வெயில் தாழ ஒரு முக்கா மணி நேரம் வெளிய விடுங்க. சீனாவுல குவாங்சோல ஒண்ணாவது படிக்கற பசங்களுக்கு ஸ்கூல்ல தெனம் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டு மூணு வருஷம் பாத்தாங்க, அப்படி விடாத ஸ்கூல்ல நூத்துக்கு 39 பேருக்கு மேல கிட்டப்பார்வை வந்திருக்கு, விட்ட ஸ்கூல்ல 30 பேர் கிட்டதான். நம்ம தெருவுல வெயிலுக்கா பஞ்சம்?

அப்பறம் அங்கன்வாடிய ஏன் யாரும் சொல்லல? சோறு, முட்டை போடுவாங்க, கூட விளையாட புள்ளைங்க இருக்கும், வாட்சப் வீடியோ இல்ல. என் பொண்ணு அங்கதான் போச்சு.

கொலுசு வீடு (11.50)

ப்ளேஸ்கூலுக்கு வருஷ பீஸ் கட்டியாச்சு அக்கா, வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார். மத்ததெல்லாம் செஞ்சு பாக்கறேன்.

கொலுசு வீடு (ஒம்பது நாள் கழிச்சு, ராத்திரி 9.30)

நடந்தது சொல்றேன், ரெண்டு பக்கமும் ஜெயிக்கல. முன்ரூமுக்கும் உள்ரூமுக்கும் நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டி அடிச்சோம். பையன் அந்தப் பக்கம் நின்னு எங்களைப் பாக்கறான், நாங்க இந்தப் பக்கம் உக்காந்து பத்த வெக்கறோம். மொதல் மூணு நாள் சாப்பாடு சரியா எறங்கல, மூணாவது நாள் தட்டைத் தள்ளி விட்டான், நானும் ஒரு அடி போட்டுட்டேன், பொய் சொல்லல. அஞ்சாவது நாள் பருப்புச் சோத்துல இருந்த கறிவேப்பிலைய எடுத்து "இது எதுக்கு"ன்னு கேட்டான். இப்ப நாளைக்கு ஒண்ணரை மணி நேரம்தான் போன் போகுது, பூஜ்யம்லாம் வரல, வரும்னும் தோணல. தட்டிக்கு அந்தப் பக்கம் நின்னு இது ஏன் அது ஏன்னு கேட்டுக்கிட்டே இருக்கான், பதில் சொல்லிச் சொல்லி இந்த வாரம் ரெண்டு ஜோடி கம்மி, வீட்டுக்காரருக்கு அதுல கோவம். ஸ்கூல் வீடியோவுக்கு போட்டோ அனுப்ப முடியாதுன்னு மிஸ்கிட்ட சொன்னேன், பயந்து பயந்துதான் சொன்னேன், அவங்க "சரி விடுங்க மேடம், பாதிப் பேர் அனுப்பறதில்ல"ன்னாங்க. இதுக்கா நான் ஆறு மாசம் ஓடினேன்.

நேத்து சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிட்டு வந்திருந்தோம். அவனுக்கு காரம் வேணாம்னு வெறும் தட்டுவடை ஒண்ணு குடுத்தேன். கடிக்காம அதைக் காதுல வெச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே பேசறான், அப்படியே அவங்கப்பா குரல்ல: "அண்ணே, சனிக்கெழம கண்டிப்பா குடுத்தர்றேண்ணே, இப்ப வேலையா இருக்கேன், வெச்சிருங்க."