கார் ஃபேன் நாலாம் ஸ்பீடுல மட்டும் சுத்துதா? ப்ளோயர் ரெசிஸ்டர் மாத்துன அனுபவங்களை இங்க போடுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஒண்ணு ரெண்டு மூணுல ஃபேன் சத்தமே இல்ல, நாலுல வச்சா பேய்க்காத்து. ஹீட்டர் போட்டாலும் ஏசி போட்டாலும் அதே கதைதான், ஏன்னா ரெண்டுக்கும் ப்ளோயர் (காத்து தள்ளுற ஃபேன்) ஒண்ணுதான். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், மோட்டாரையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க, நாலுல நல்லா சுத்துற மோட்டாரை எதுக்குய்யா மாத்தணும்னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். மேனுவல் ஃபேன் குமிழ் இருக்குற வண்டிகள்ல ஃபுல் ஸ்பீடுக்கு ரெசிஸ்டரே கிடையாது, பேட்டரி வோல்டேஜ் நேரா மோட்டாருக்குப் போயிடும், கம்மி ஸ்பீடுக்கு மட்டும்தான் நடுவுல ரெசிஸ்டர் வந்து வோல்டேஜைக் குறைக்கும். அதனால நாலு மட்டும் வேலை செய்யுதுன்னா முதல் சந்தேகம் அதுமேல தான் போகணும்.

பெரும்பாலான வண்டில க்ளவ் பாக்ஸை கழட்டினா பின்னாடி ப்ளோயர் பெட்டி தெரியும், அதுக்குப் பக்கத்துலயே ரெசிஸ்டரை ரெண்டு ஸ்க்ரூல மாட்டியிருக்கும். கைய விடறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் கழட்டிடுங்க, அந்தப் பக்கம் ஏர்பேக் ஒயர் ஓடும், மஞ்சள் கலர் கனெக்டர் கண்ணுல பட்டா தொடாதீங்க. வெளிய எடுத்து மல்டிமீட்டர் வச்சா காயில் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அதுமேல இருக்குற தெர்மல் ஃபியூஸ் (சூடு அளவு மீறினா அறுந்துடுற ஃபியூஸ்) தான் அறுந்திருந்துச்சு. மூணு ஸ்பீடும் ஒரே நாள்ல போனதுக்கு அதுதான் காரணம். ஒரு ஸ்பீடு மட்டும் போயிருந்தா அந்தக் காயில் அறுந்திருக்கும். புதுசு மாட்டியாச்சு, நாலு ஸ்பீடும் வந்துருச்சு.

---

அண்ணே, நாலுல சுத்துதுங்கறதால மோட்டார் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. எனக்கும் இதேதான், ரெசிஸ்டர் மாத்தி கொஞ்ச மாசத்துலயே திரும்ப அவுட். அப்புறம் மோட்டாரை இறக்கி கையால சுத்திப் பார்த்தா லேசா சுத்த வேண்டியது இழுத்துப் பிடிக்குது, புஷ் (மோட்டார் தண்டைத் தாங்குற வளையம்) காஞ்சு போச்சு. மோட்டார் இறுகினா கரண்ட் அதிகமா இழுக்கும், அந்தக் கரண்ட் முழுக்க ரெசிஸ்டர் வழியாத்தான் போயாகணும். கணக்குப் போட்டுப் பாருங்க, கம்மி ஸ்பீடுல ரெசிஸ்டர்ல 8 வோல்ட் விழுந்து 4 ஆம்பியர் ஓடுச்சுன்னா 32 வாட், ஒரு சால்டரிங் அயர்ன் சூடு. கரண்ட் ரெண்டு மடங்கானா ரெசிஸ்டர்ல சூடு நாலு மடங்கு. தெர்மல் ஃபியூஸ் சும்மா போகல, தீப்பிடிக்காம இருக்கத்தான் போயிருக்கு. முடிஞ்சா டிசி அளக்குற க்ளாம்ப் மீட்டர் போட்டு மோட்டார் எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. உங்க ஒர்க்‌ஷாப்காரங்க காரணம் சொல்லத் தெரியாம சொன்னாலும் பாதி சரியாக்கூட இருக்கலாம் :)

---

மேல சொன்னதோட கேபின் ஃபில்டரையும் சேர்த்துக்கங்க. ரெசிஸ்டரை காத்து போற வழியிலயே வச்சிருக்கறது அந்தக் காத்துலயே அது ஆறணும்னு தான். என் வண்டில ஃபில்டர் தூசியில கம்பளி ஆகிப்போய் காத்தே வரல, அடியில காஞ்ச இலை வேற. இன்னொண்ணு, ரெசிஸ்டரை வெளிய தொங்கவிட்டு கனெக்டர் மாட்டி ஃபேன் ஓட்டி டெஸ்ட் பண்ணாதீங்க, காத்து இல்லாம காயில் பழுக்கும், கை சுட்டுக்கும்.

---

எனக்கு ரெசிஸ்டரை விட கனெக்டர் தான் தலைவலி. பின் ஒண்ணு கருகி பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிச்சு, பிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. இந்த மாதிரி இருந்தா புது ரெசிஸ்டரை அதே கனெக்டர்ல சொருகுறது வேஸ்ட், பின் லூசா இருக்குற இடத்துல திரும்ப சூடேறி புதுசையும் தின்னுடும். ஒயரோட வர்ற கனெக்டர் தனியா கிடைக்குது, அதே தடிமன் ஒயர் பார்த்து வாங்கி ஒழுங்கா க்ரிம்ப் பண்ணுங்க (டூல் வச்சு நசுக்கி இணைக்கறது), முறுக்கி டேப் சுத்துற வேலையெல்லாம் இங்க ஆகாது.

---

நான் வாங்குன பழைய வண்டிக்கதையைக் கேளுங்க. எல்லா ஸ்பீடும் சூப்பரா ஓடுது, ஆனா கம்மி ஸ்பீடுல வச்சா கருகுன வாடை. கழட்டிப் பார்த்தா எந்த மகராசனோ தெர்மல் ஃபியூஸை வெட்டிட்டு ஒரு துண்டு ஒயரை வச்சு ஜாயின்ட் அடிச்சிருக்கான், சுத்தி இருந்த பிளாஸ்டிக் பெட்டி வளைஞ்சே போச்சு. நல்லவேளை அதோட நின்னுச்சு. இந்த ஐடியாவை வீடியோல பார்த்து யாரும் பண்ணிடாதீங்க சாமி.

---

ஒரு டவுட். மோட்டார் கனெக்டர்ல ரெண்டு பின்லயும் எர்த்தோட வச்சுப் பார்த்தா 12 வோல்ட் காட்டுது, ஃபேன் சுத்தல. ரெண்டு பக்கமும் எப்படிங்க சப்ளை வரும்?

---

நண்பா, நிறைய வண்டில மோட்டாருக்கு ப்ளஸ் நேரா வந்துடும், ஸ்விட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கம்தான் இருக்கும். எர்த் பக்கம் எங்கயோ அறுந்திருந்தா கரண்ட் ஓடாது, அப்போ மோட்டார் வழியாவே அந்த 12 வோல்ட் இந்தப் பக்கமும் தெரியும். நாலுலயும் சுத்தலைன்னா ரெசிஸ்டரை விட்டுட்டு ஸ்விட்ச், எர்த் ஒயர் பாருங்க. ரெண்டு பின்லயும் ஒண்ணுமே இல்லாம இருந்தாத்தான் ஃபியூஸ், ரிலே. ஆட்டோ க்ளைமேட் வண்டின்னா இதெல்லாம் பொருந்தாது, அதுல காயிலுக்குப் பதிலா டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும், அது போனா ஃபேன் ஒரே ஸ்பீடுல நிக்கும், இல்ல சாவியை எடுத்தும் ஓடிட்டே இருக்கும்.

---

திரும்ப நான்தான். அந்த புஷ் விஷயம் கேட்டதும் மோட்டாரை இறக்கிப் பார்த்தேன், லேசாத்தான் சுத்துது, ஆட்டமும் இல்ல. ஃபில்டர் தான் படுமோசம், அதை மாத்தியாச்சு. கனெக்டர்ல ஒரு பின் மட்டும் லேசா நீலம் பூத்திருக்கு, உருகல. இப்பவே மாத்தலாமா இல்ல கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாமா?

---

நீலம் பூத்துடுச்சுன்னா அந்தப் பின்னோட பிடிமானம் போச்சுன்னு அர்த்தம் அண்ணே, க்ளவ் பாக்ஸை திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க.