மைக்ரோ கியூவெட்: அப்சார்பன்ஸ் 0.8-ஐத் தாண்டவில்லை, உதவுங்கள்

சோதனைக்குழாய்: 100 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) செய்கிறேன். மாதிரி மைக்ரோ கியூவெட் என்ற சிறு பெட்டியில். பெர்மாங்கனேட் அடர்த்தியை இருமடங்காக்கிக்கொண்டே போனால் அப்சார்பன்ஸ் (திரவம் ஒளியை உறிஞ்சும் அளவு) 0.36, 0.61, 0.79. நேர்கோடு வரவில்லை. வெள்ளிக்கிழமை டெமோ. அவசரம்!

கரிசல்: எந்த அலைநீளம்? என்ன விளக்கு, என்ன சென்சார்? அடர்த்தி எவ்வளவு?

ஒளிவட்டம்: வெப்கேம்தானே? ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்துங்க. திரவம் கருத்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தை ஏத்திக்கும்.

லாம்பர்ட்தாசன்: அடர்த்தி கூடினால் பீர்–லாம்பர்ட் விதி (அப்சார்பன்ஸ் அடர்த்திக்கு நேர்விகிதம் என்பது) உடையும். அதையாவது படித்துவிட்டுக் கட்டத் தொடங்கியிருக்கலாம் தம்பி.

சோதனைக்குழாய்: 525 நானோமீட்டர், வெள்ளை எல்இடி. வெப்கேம் இல்லை, டிசிடி1304 என்ற வரிச் சென்சார். 0.2, 0.4, 0.8 மில்லிமோலார். திரவத்துக்குள் ஒளி போகும் பாதை 10 மி.மீ.

ஒளிவட்டம்: அப்படின்னா ஒளியை நிறம் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு, அதாவது கிரேட்டிங்தான். டிவிடி துண்டா?

கரிசல்: லாம்பர்ட்தாசன் ஐயா, 0.8 மில்லிமோலாரில் விதி உடையாது. 525-இல் பெர்மாங்கனேட்டின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 2400. அதை அடர்த்தியாலும் (மோல்/லிட்டர்) பாதையாலும் (செ.மீ.) பெருக்கினால் வரவேண்டியது 0.48, 0.96, 1.9. வந்தது மூன்றும் ஒரே கதையைத்தான் சொல்கிறது: சென்சாருக்கு வருவதில் ஏறக்குறைய 15% திரவத்தைத் தொடாமலே வருகிறது. அப்படியானால் 0.82-தான் உச்சவரம்பு. கியூவெட் சுவர் கறுப்பா, தெளிவா?

சோதனைக்குழாய்: நாலு பக்கமும் தெளிவுதான்.

லாம்பர்ட்தாசன்: நான் சொன்னது பொதுவான விதி.

ஒளிவட்டம்: டிவிடியில் மி.மீ.க்கு 1350 கோடு. காசு கொடுத்து வாங்கும் 600 கோட்டைவிட நல்லா பிரிக்கும்.

நீலக்கதிர்: கோடு அதிகம்னா போதுமா? வளைஞ்ச கோடு, சிதறலும் அதிகம். அளவீட்டுக்கு டிவிடி வேண்டாம்.

ஒளிவட்டம்: பள்ளி மாணவர்கள் அதில்தான் கத்துக்கிறாங்க. மட்டம் தட்டாதீங்க.

கரிசல்: அந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, திரவம் இருக்கும் பள்ளம் 2 மி.மீ. அகலம், உன் கற்றை அதைவிட அகலமாக இருக்கும். ஓரத்து ஒளி சுவர் வழியே போய்விடுகிறது. கறுப்பு டேப்பில் 1 மி.மீ. பிளவு விட்டு முன்பக்கம் ஒட்டு. கற்றையின் உயரத்தையும் பார்: மைக்ரோ கியூவெட்டில் அளக்கும் ஜன்னல் அடியிலிருந்து 8.5 அல்லது 15 மி.மீ. உயரத்தில் இருக்கும். பிறகு அடர் பெர்மாங்கனேட் ஊற்றி 525-ஐப் பார். மிச்சம் வரும் ஒளி அத்தனையும் கசிவு.

நீலக்கதிர்: பின்னாடி டிஎன்ஏ அளக்கும் எண்ணம் இருந்தால் 260 நானோமீட்டர் புறஊதாவுக்கு பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் கியூவெட் உதவாது, குவார்ட்ஸ் வேணும். வெள்ளை எல்இடியில் அந்தப் புறஊதாவே கிடையாது.

சோதனைக்குழாய்: டேப் ஒட்டினேன். 0.4-க்கு 0.93! நன்றி அண்ணா.

கரிசல்: நல்லது. 0.8-க்கு எவ்வளவு வருகிறது? அதைப் பார்க்காமல் டெமோவுக்குப் போகாதே.